தாழத்தெ நிலையில் ஒரு குளியலறை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. நானாகத்தான் அதை விட்டேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் மார்க் ஷீட் ஒத்துக்கொள்ளாது. கடையில் டைலின் பெயரையும் அளவையும் பில்லில் எழுதுவதைத் தவிர வேறு எதையும் எழுதிப் பழக்கமில்லை. இன்னொரு தகுதிக் குறைவும் உண்டு. இந்தப் பக்கங்களில் கனடாவிலிருந்தும் நார்வேயிலிருந்தும் எழுதுகிறார்கள். பனியில் கார் புதைந்த கதை, விமான நிலையத்தில் ஊறுகாயைப் பிடுங்கிக்கொண்ட கதை எல்லாம் படித்திருக்கிறேன். நான் புலம்பெயர்ந்தது நாங்குநேரியிலிருந்து திருவனந்தபுரத்துக்கு. பாஸ்போர்ட் கிடையாது. காலையில் ரயில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே அந்நிய தேசம் வந்துவிடும். என் ஊறுகாயை யாரும் பிடுங்கவில்லை. எதிர் சீட்டுக்காரர் கேட்டு வாங்கித் தின்றார், அவ்வளவுதான். ஆனாலும் டொரண்டோவில் பேஸ்மெண்ட் வீட்டில் குடியிருக்கும் ஒருவர் அதைப் பற்றி உருக்கமாக எழுதியிருந்ததைப் படித்ததும் எனக்கும் துணிச்சல் வந்தது. நானும் பேஸ்மெண்ட்தான்.

ஊர் ஜனங்கள் எல்லாம் வேலை முடிந்து வீட்டுக்குப் படியேறிப் போவார்கள். நான் படியிறங்கிப் போகிறேன். இந்த நகரத்தில் சமதரை என்பது பணக்காரர்கள் வாங்கிவிட்ட பொருள். மீதிப் பேர் சரிவில் வீடு கட்டி, சாலைக்கு மேலே ஒன்றும் சாலைக்குக் கீழே ஒன்றும் வைத்து, கீழே இருப்பதை வாடகைக்கு விடுகிறார்கள். நான் இருக்கும் இடத்தின் பெயரே குன்னுகுழி. குன்றில் வீட்டுக்காரர் சுகுமாரன் சார் இருக்கிறார், அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். குழியில் நான் இருக்கிறேன். என் சமையலறையின் மேல் சன்னல் சாலை மட்டத்தில் இருக்கிறது. அதனால் அக்கம்பக்கத்தார் பலரை எனக்கு முகம் தெரியாது, செருப்பு தெரியும். நீல வார் செருப்புக்காரர் எத்தனை மணிக்கு ரேஷன் கடைக்குப் போவார், வெள்ளை கான்வாஸ் அம்மாள் நடைப்பயிற்சியை எப்போது பாதியில் விட்டுவிட்டுத் திரும்புவார் என்று கேட்டால் சொல்வேன்.

மலையாளத்தில் 'நில' என்றால் மாடி. கீழ்த்தளத்துக்கு 'தாழத்தெ நில' என்பார்கள். என்னைத் தேடி யாராவது வந்தால் சுகுமாரன் சார் மேலேயிருந்து குரல் கொடுப்பார்: "அண்ணாச்சி தாழத்தெ நிலயிலா." அண்ணாச்சி கீழ்த்தளத்தில் இருக்கிறார் என்று அர்த்தம். இத்தனை வருஷம் ஆகியும் என் காதில் அது, அண்ணாச்சி தாழ்ந்த நிலையில் இருக்கிறார் என்றுதான் விழுகிறது. யோசித்துப் பார்த்தால் அதிலும் தப்பொன்றும் இல்லை. அண்ணாச்சி என்ற சொல்லும் அப்படித்தான். எங்கள் ஊரில் நாலு பேர் மதிக்கும் ஆளாக ஆனால்தான் அண்ணாச்சி என்பார்கள். இங்கே பாலக்காட்டைத் தாண்டி வந்தாலும் ஆரல்வாய்மொழியைத் தாண்டி வந்தாலும், வந்த அன்றைக்கே கொடுத்துவிடுகிறார்கள். அப்பளம் விற்கிறவனும் அண்ணாச்சி, இஸ்திரி போடுகிறவனும் அண்ணாச்சி. ஊரில் கடைசி வரை கிடைத்திருக்காத பட்டம் எனக்கு இங்கே இருபத்துச் சொச்ச வயதிலேயே கிடைத்துவிட்டது.

வேலை, சாலை பஜாரில் நாகர்கோவில் முதலாளி ஒருவரின் டைல் மற்றும் குளியலறைச் சாமான் கடையில். நான் வாயைத் திறக்கக் கூச்சப்படுகிறவன், ஆனால் ஷவரும் குழாயும் விற்பதற்கு அது தடையில்லை. பேச வேண்டியதை எல்லாம் வாங்க வருகிறவர்களே பேசிவிடுவார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் வீட்டு முகப்புக்கு டைல் எடுக்க வந்தால் பவுன் உரசிப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். குளியலறைக்கு என்று வந்ததும், "ஏதாவது மலிவா போடுங்க, அங்க யாரு பாக்கப் போறா" என்பார்கள். மலையாளிகள் நேர் எதிர். மாப்பிள்ளை பார்ப்பதுபோல் ஷவரைப் பார்ப்பார்கள். முகம் எப்படி, குணம் எப்படி, வயதானால் அடைத்துக்கொள்ளுமா. இவர்களுக்குக் குளிப்பது ஒரு கொள்கை. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. எங்கள் ஊரில் குளியலறை என்பது வீட்டுக்குச் சம்பந்தமில்லாத தனிக் கட்டடம். கொல்லையின் கோடியில், தண்ணீர் தென்னைக்குப் பாய வேண்டும் என்ற ஒரே நோக்கத்தில் கட்டுவார்கள். மனிதன் குளிப்பது தென்னையின் நன்மைக்காக.

இவ்வளவு ஷவர் விற்ற நான் வாளியில்தான் குளித்துக்கொண்டிருந்தேன். தாழத்தெ நிலையின் குளியலறை அப்படிப்பட்டது. கையை இரண்டு பக்கமும் நீட்டினால் இரண்டு சுவரும் தட்டும். ஒரு சுவருக்குப் பின்னால் நேராக மலை மண். ஜூன் பிறந்தால் அந்தச் சுவர் வியர்க்கத் தொடங்கும், ஓணம் வரை நிற்காது. காரை பெயர்ந்து ஒவ்வொரு வருஷமும் ஒரு புதிய தேசத்தின் வரைபடம் உண்டாகும். சாக்கடைத் துளை வழியாகத் தவளை வரும். அதுவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, இருவருமே கூச்சப்படுகிறவர்கள் என்பதால் திரும்பிக்கொள்வோம். தனியாள். பெண் பார்க்கப் போன வீடுகளில் தலையை நிமிர்த்தாமலே காப்பி குடித்துவிட்டு வந்ததன் பலன். ஒற்றை ஆளுக்கு இது போதும் என்று இருந்தேன்.

அக்கா விழுந்த பிறகுதான் போதாமல் போனது. எனக்கு இருப்பது ஒரே அக்கா. அத்தான் போன பிறகு ஊரில் எங்கள் வீட்டிலேயே தனியாக இருக்கிறாள். ஒரு மழைக்காலத்தில் கொல்லைக் குளியலறையில் பாசி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. திருநெல்வேலியில் ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். எழுந்து நடக்கிறாள், கம்பு ஊன்றி. குத்தவைக்க முடியாது. ஒரு சாண் உயரத்துக்கு மேல் காலைத் தூக்கி வைப்பது கஷ்டம். என்னோடு வந்துவிடு என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். "மலையாளத்தான் ஊருல வந்து நான் என்னத்தச் செய்ய? அவிய பேசுறது எனக்குப் புரியாது, நான் பேசுறது அவியளுக்குப் புரியாது. உன் பேச்சு யாருக்குமே புரியாது" என்பாள். அவளை வரவைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி நான் விற்கும் சரக்குத்தான். ஒரு நல்ல குளியலறை. வாசலில் படி கூடாது. நாற்காலிபோல் உட்காரும் கிளாசெட். ஷவருக்கு அடியில் டைல் பதித்த திண்டு. உட்கார்ந்த கைக்கு எட்டும் இடத்தில் குழாயும் கைப்பிடிக் கம்பியும். காலுக்குச் சொரசொரப்பான தரை. அவள் உயரத்தை மனதில் வைத்து ஒவ்வொன்றையும் கடையில் தேர்ந்தெடுத்தேன். வாடிக்கையாளர்களிடம் எப்போதும் இல்லாத பிடிவாதத்தை என்னிடமே காட்டினேன்.

சுகுமாரன் சாரிடம் அனுமதி கேட்கப் போனேன். செலவு என்னுடையது என்றதும் அவர் முகத்தில் பாசம் வந்தது. கவனமாகக் கேட்டார். படியில்லாத வாசல், கம்பி, திண்டு, எல்லாம் விளக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அல்ல அண்ணாச்சி, சேச்சி எங்ஙனே இறங்ஙும்?" என்றார். அக்கா எப்படிக் கீழே இறங்குவாள் என்று கேட்கிறார். சாலையிலிருந்து என் வாசலுக்குச் செங்குத்தாக இறங்கும் படிக்கட்டை நான் தினமும் இரண்டு தடவை மிதிக்கிறேன். குளியலறை வாசலில் ஒரு விரல்கடை உயரம்கூட இருக்கக்கூடாது என்று அளந்தவனுக்கு அந்தப் படிக்கட்டு ஞாபகமே வரவில்லை. "நோக்காம்" என்றேன். பார்க்கலாம் என்று அர்த்தம். ஒரு வேலை நடக்காது என்பதை இந்த ஊரில் மரியாதையாகச் சொல்லும் சொல் அது. முதல் தடவையாக அதை நான் ஒரு மலையாளியிடம் சொன்னேன்.

படிக்கட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வேலையை ஆரம்பித்துவிட்டேன். டைல் பதிக்க வந்தவன் ரபீக். வங்காளத்துக்காரன். இங்கே வடக்கேயிருந்து வருகிற தொழிலாளிகள் எல்லாருக்கும், அஸ்ஸாம் ஆனாலும் ஒடிசா ஆனாலும், பங்காளி என்றுதான் பெயர். பெங்காலி என்பதை மலையாள வாய் அப்படி ஆக்கிவிடுகிறது. அண்ணாச்சி என்று எங்களுக்கு ஒரே பெயர் வைத்தவர்கள்தான், கை பழகியிருக்கிறது. ரபீக் வந்து நாலைந்து வருஷம்தான் ஆகிறது, என்னைவிட நன்றாக மலையாளம் பேசுவான். சிமெண்ட் குழைத்துக்கொண்டே மேல் வீட்டாரிடம் அவன் பேசியது ஒருநாள் என் காதில் விழுந்தது. நான் தமிழ்நாட்டுக்காரன், பாவம், ஒன்றும் தெரியாது என்று அவன் என்மேல் இரக்கப்பட்டுக்கொண்டிருந்தான்.

அவன் தரையை அழகாகவே பதித்தான். சாம்பல் நிற டைல், இடைவெளி எல்லாம் நூல் பிடித்ததுபோல். காய்ந்த பிறகு ஒரு குவளை தண்ணீரை ஊற்றினேன். தண்ணீர் கொஞ்சம் யோசித்தது. பிறகு மூலையிலிருந்த துளையை முற்றிலும் அலட்சியம் செய்துவிட்டு, வாசல் வழியாக வெளியே வந்து, அறையைக் கடந்து, என் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. நீர்வாட்டம் தலைகீழ். வாசலில் படி வேண்டாம் என்று நான் சொன்னதால் அதைத் தடுக்கவும் ஒன்றும் இல்லை. ரபீக் தன் ரசமட்டத்தை வைத்துக் காட்டினான். அதன் குமிழி அவன் பக்கம்தான் பேசியது. சத்தம் கேட்டு இறங்கி வந்த சுகுமாரன் சார் முழங்காலில் கை ஊன்றிப் பார்த்தார். அவர் தீர்ப்பு எளிமையானது: "வைப்பர் வச்சு தள்ளியா மதி."

வைப்பரால் தள்ளினால் போதும் என்கிறார். வைப்பர் என்றால் ரப்பர் பட்டை வைத்த நீண்ட கம்பு. இந்த ஊரில் குளித்து முடித்ததும் தண்ணீரை அதால் துளைக்குத் தள்ளிவிட்டு வருவார்கள். கேரளத்தில் வைப்பர் இல்லாத குளியலறை கிடையாது. நாட்டில் உள்ள நீர்வாட்டங்கள் எல்லாம் ஒருநாள் சரியாகிவிட்டால் எங்கள் கடையில் பாதி வியாபாரம் படுத்துவிடும். எனக்கானால் நானும் தள்ளிக்கொண்டிருந்திருப்பேன். ஆனால் கம்பு ஊன்றி நடக்கிற ஒருத்தி இன்னொரு கையில் வைப்பரைப் பிடித்துக்கொண்டு ஈரத் தரையில் நிற்பதை நினைத்துப் பார்த்தேன்.

"பொளிக்கணம்" என்றேன். உடைக்க வேண்டும் என்று அர்த்தம். இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இந்த ஊருக்கு வந்து நான் சத்தமாகச் சொன்ன முதல் மலையாளச் சொல் அதுவாகத்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ரபீக் உடைக்க ஆரம்பித்தான். உற்சாகத்தில் தரைக்கு அடியில் போன குழாயையும் சேர்த்து உடைத்தான். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் நின்று வாளியில் முகந்து வெளியே ஊற்றினேன். என் கைபேசி சட்டைப் பையிலிருந்து நழுவி வாளிக்குள் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து அக்கா என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். மணி அடிக்கவில்லை என்றதும் சுகுமாரன் சாருக்குப் போட்டிருக்கிறாள். இனி வருவதை இரண்டு தரப்பிலும் விசாரித்துத்தான் எழுதுகிறேன்.

தம்பி எங்கே என்று அக்கா கேட்டாள். சார் உள்ளதை உள்ளபடி சொன்னார்: "அண்ணாச்சி தாழத்தெ நிலயிலா. வெள்ளத்திலா. பங்காளி வந்நு எல்லாம் பொளிச்சு."

கீழ்த்தளத்தில் இருக்கிறார், தண்ணீரில் வேலை செய்கிறார், பெங்காலி வந்து எல்லாவற்றையும் உடைத்தான். ஒரு சொல் பொய் கிடையாது. இதையே இங்கிலீஷில் சொல்லியிருந்தால் அக்காவுக்கு ஒன்றுமே புரிந்திருக்காது, பிழைத்திருப்பாள். எல்லாம் புரிந்ததுதான் வினை. தம்பி தாழ்ந்த நிலையில் கிடக்கிறான். வெள்ளத்தில் கிடக்கிறான். பங்காளி வந்து எல்லாவற்றையும் பொளந்து போட்டுவிட்டான். எங்கள் ஊரில் பங்காளி என்றால் யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பங்காளி பெரியப்பா மகன். இரண்டு வீட்டுக்கும் நடுவே உள்ள சந்து யாருடையது என்பதில் பல வருஷமாகத் தகராறு. "திருவனந்தபுரத்துக்கே போய் உன் தம்பிகிட்ட பேசிக்கிடுதேன்" என்று அவன் சமீபத்தில்தான் அக்காவிடம் சொல்லியிருந்தான். அவன் சொன்ன சொல் காப்பாற்றுகிறவன் என்று அதுவரை அக்கா நினைத்ததில்லை.

"நான் வாறேன்" என்றாளாம். "வரணம், வரணம்" என்று சார் உபசாரமாகச் சொல்லிவிட்டு டிவி விவாதம் பார்க்கப் போய்விட்டார். என்னிடம் சொல்ல மறந்துவிட்டார்.

மறுநாள் காலையில் நான் வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். மேலே ஆட்டோ நின்ற சத்தம். நிமிர்ந்து பார்த்தால் படிக்கட்டின் உச்சியில், ராத்திரி ரயிலைப் பிடித்து வந்த அக்கா. கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு, முதல் படியில் உட்கார்ந்தாள். அடுத்த படிக்கு உட்கார்ந்தபடியே நகர்ந்தாள். அப்படியே ஒவ்வொன்றாக வந்தாள். நான் நுரையோடு ஓடிப் பிடிக்கப் போனேன். "தொடாதல. விழுந்தா ரெண்டு பேரும்லா விழுவோம்" என்றாள். எத்தனை வருஷம் கூப்பிட்டும் வராதவளுக்கு, சுகுமாரன் சாரின் ஒரு வாக்கியத்தில் படிக்கட்டு பிரச்சினை தீர்ந்துவிட்டது.

கீழே வந்ததும் எழுந்து நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"எங்கல அவன்?"

"எவன்?"

"பங்காளி. எல்லாத்தையும் இடிச்சுப் போட்டானாம்லா."

"உள்ளதான் இருக்கான்."

"உள்ள விட்டுட்டு நீ இங்க நின்னு பல்லு தேய்க்க."

அக்கா கம்பை ஓங்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். தலையிலிருந்து கால்வரை வெள்ளைத் தூசியோடு, கையில் சுத்தியலோடு ரபீக் வெளியே வந்தான். பல் முழுக்கச் சிரிப்பு. "சேச்சி வந்நோ? சாயா குடிச்சோ?" என்றான்.

அக்கா அவனை நெடுநேரம் பார்த்தாள். கம்பு மெல்ல இறங்கியது. என் பக்கம் திரும்பி, "நம்ம வகையறா மாதிரி தெரியலயே" என்றாள்.

விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு நாக்கு உலர்ந்துவிட்டது. அவள் கொண்டுவந்த பையைப் பிரித்தேன். அவல், வெல்லம், மெழுகுவத்தி, தீப்பெட்டி, டார்ச், எனக்குக் காய்ந்த துணி இரண்டு செட். வெள்ளத்துக்கு வேண்டிய ஒன்றையும் விடவில்லை. "உன் போனை எங்கல?" என்றாள். வாளியைக் காட்டினேன். "அதுலயாவது வெள்ளம் உண்டும்லா" என்று சொல்லிவிட்டு அவலை எடுத்து வைத்தாள்.

வந்தவளைக் குளிக்க வைக்க இடமில்லை. அவளுக்காக இடித்துக் கட்டுகிற குளியலறை அவள் வந்து நின்ற நேரத்தில் ஒரு குழி. மேல் வீட்டில் குளிக்கலாம் என்று சுகுமாரன் சாரின் மனைவி அன்பாகக் கூப்பிட்டார், ஆனால் அதற்குப் படியேற வேண்டும். சமையலறை மூலையில் போர்வையைக் கட்டித் தொங்கவிட்டு, நாற்காலியில் உட்காரவைத்துச் சமாளித்தோம். மேல் சன்னலில் செருப்புகள் போய்க்கொண்டிருந்தன. "இதென்னல ஊரு, நான் குளிக்கையில என் தலைக்கு மேல நடக்கான்" என்றாள். உடனே ஊருக்குத் திரும்பிப் போயிருப்பாள். படியிறங்கினதில் இடுப்பு வலி எடுத்து, அந்த வாரம் ஏற முடியாமல் போய்விட்டது.

அந்த ஒரு வாரம் அவளுக்கும் ரபீக்குக்கும் பேச்சு ஓயவில்லை. நான் கடைக்குப் போய்விடுவேன், வந்தால் இரண்டு பேரும் ஆளுக்கொரு தம்ளரோடு உட்கார்ந்திருப்பார்கள். அவள் நாங்குநேரித் தமிழில் சொல்வாள், அவன் குன்னுகுழி மலையாளத்தில் பதில் சொல்வான். அவள், "ஏ பங்காளி, அந்த ஓரத்துல இன்னும் கொஞ்சம் பூசு" என்பாள். அவனுக்கு அது தன் பெயர்தான். "பூசாம் அம்மா" என்பான். கேட்கிறவர்களுக்கு ஏதோ சொத்து சமாதானமாகப் பிரிகிறது என்று தோன்றும். இத்தனை வருஷம் இலக்கணம் தப்பிவிடுமோ என்று பயந்து மலையாளம் பேசாமல் இருந்தவன் நான் ஒருவன்தான் போலிருக்கிறது.

தரையை இந்தத் தடவை மூன்று பேர் மேற்பார்வையில் பதித்தான். சுகுமாரன் சார் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். சரிவு எவ்வளவு வேண்டும் என்பது பற்றி அவருக்கும் ரபீக்குக்கும் நடந்த விவாதத்தில் மத்திய அரசு, மாநில அரசு இரண்டும் வந்து போயின. குவளைத் தண்ணீரை ஊற்றினோம். இந்தத் தடவை அது வம்பு செய்யாமல் மூலைக்குப் போய் இறங்கிவிட்டது. "கண்டோ, ஞான் பறஞ்ஞில்லே" என்று சார் எழுந்தார். நான் சொல்லவில்லையா என்கிறார். அவர் சொன்னது வைப்பர் போதும் என்பது. அதை ஞாபகப்படுத்தும் தைரியம் எனக்கு வரவில்லை. ஒரு வருஷத்துக்கு உண்டானதை 'பொளிக்கணம்' என்பதிலேயே செலவழித்துவிட்டிருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா அதில் முதல் குளியல் குளித்தாள். கதவைத் தாழ் போடாதே என்று சொல்லிவிட்டு வெளியே கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. வெந்நீர், தண்ணீர் எல்லாவற்றையும் திருகிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. ரொம்ப நேரம் ஆகியும் வரவில்லை. கூப்பிடலாமா என்று எழுந்தேன். உள்ளே மெல்ல எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். திரும்பவும் உட்கார்ந்துகொண்டேன். என் கணக்குப்படி எல்லாம் முடிந்துவிட்டது. ஊர் வீட்டைப் பூட்டி, சாவியை யாரிடம் கொடுப்பது என்பதுவரை நான் யோசித்தாகிவிட்டது.

தலையில் துண்டோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். முகம் தெளிந்திருந்தது.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. விழுந்த பொறவு பயமில்லாமக் குளிச்சது இன்னைக்குத்தான்."

எனக்கு ஒரே சந்தோஷம். டைலின் கம்பெனிப் பெயரைச் சொன்னேன்.

"ஏல, ஒண்ணு கேக்கேன்" என்றாள். "இதை எனக்காகவா கட்டின?"

"பின்ன யாருக்கு?"

"எனக்குன்னா நான் இருக்கிற வீட்டுலல்லா கட்டணும்."

"நீ இங்க வந்துட்டா அங்க எதுக்குக்கா?"

"நான் வாறேன்னு எப்பச் சொன்னேன்?"

"தனியா அங்க என்ன இருக்கு உனக்கு?"

"வீடு இருக்கு. வீட்டுக்குப் பால் கொண்டாந்து ஊத்த ஆளு இருக்கு, எனக்கு வெளிய போக வரத் தொணை இருக்கு. நான் வந்துட்டேன்னா மறுநாளே அந்தச் சந்துல சுவரு எழும்பிரும்." துண்டை அவிழ்த்து முடியை உதறினாள். "நீ வருசத்துக்கு ரெண்டு தடவ வாற. கொல்லையில நின்னு ரெண்டு வாளி ஊத்திட்டு, ஆகா நம்மூரு தண்ணி மாதிரி வராதும்ப. மறுநாள் ரயிலேறிருவ. நான்லா அங்க தெனம் குளிக்கணும்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. சீப்பைத் தேடிக்கொண்டே சொன்னாள். நான் சீப்பை எடுத்துக் கொடுத்தேன். இந்த நகரத்தில் பாதி வீடுகளுக்கு நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்த டைல் கிடக்கிறது. எங்கள் வீட்டுக் கொல்லைக்கு ஒரு டைல் கொண்டுபோனதில்லை. கஞ்சத்தனம் இல்லை. அப்படி ஒன்று தோன்றவே இல்லை. வெளியூரில் இருக்கிறவனுக்கு ஊர் வீடு ஒரு படம். அதில் யாராவது வழுக்கி விழுந்தால், படத்தை மாற்றக் கூடாது, ஆளை வெளியே எடுத்துவிட வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. பனி நாடுகளிலிருந்து எழுதுகிறவர்களுக்கு எப்படியோ தெரியாது. ரயிலில் மத்தியானத்துக்குள் போய்ச் சேரக்கூடிய எனக்கே அப்படித்தான் இருந்தது.

"அப்ப இந்தக் குளியலறை?" என்றேன்.

"நீ குளி. உனக்கும் வயசாகுதுல்லா."

பிறகு வாசலில் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்த ரபீக்கைப் பார்த்தாள். "அந்தப் பங்காளியை என்கூட அனுப்பி வை. இடிக்கான், குழாயை உடைக்கான், எல்லாம் சரிதான். ஆனா சொன்னாத் திரும்பக் கட்டுதான். நம்ம பங்காளிக்கு இவன் எவ்வளவோ மேலு."

ரபீக்கிடம் கேட்டேன். நாங்குநேரி கேரளத்தில்தானே என்று கேட்டான். தமிழ்நாடு என்றதும் கொஞ்சம் யோசித்தான். அங்கே பாஷை தெரியாதே என்றான். "நான் இருக்கேன், வா" என்றாள் அக்கா. அவளுடைய தமிழை நம்பி அவன் சம்மதித்தான்.

அன்று சாயங்காலம் நானும் குளிக்கப் போனேன். ஷவரைத் திறந்து நின்றால் தண்ணீர் என் நெஞ்சில் விழுந்தது. குழாய் என் முழங்கை மட்டத்தில் இருந்தது, கம்பி இடுப்புக்குக் கீழே. எல்லாம் அக்காவின் உயரத்துக்கு, அதுவும் உட்கார்ந்த உயரத்துக்கு வைத்தது. திண்டில் உட்கார்ந்து குளித்திருக்கலாம். அது அவளுடைய இடம் என்று தோன்றிவிட்டது. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதுகை வளைத்துத் தலையைக் காட்டினேன். சுவருக்கு அந்தப் பக்கம் குன்று. தலைக்கு மேலே சாலையில் யாரோ நடந்து போனார்கள். தண்ணீர் நன்றாகத்தான் வந்தது.

மறுநாள், இறங்கியதுபோலவே உட்கார்ந்தபடி ஒவ்வொரு படியாக ஏறி, காலை ரயிலில் அக்கா ஊருக்குப் போனாள். ரபீக் அவள் பையையும் ரசமட்டத்தையும் எடுத்துக்கொண்டு கூடப் போனான். நான் கடைக்குப் போனேன்.